மறுமுனைக்காரர்

மரவேலைத் தளத்தில் இரண்டு இனத்தார் உண்டு. பலகையை அறுக்கிறவர்கள் ஓர் இனம். அறுக்கும்போது பலகையின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தாரின் திறமையைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. இரண்டாவது இனத்தாரை, அதாவது மறுமுனைக்காரரை, ஒரு கதவையாவது மாற்றிய அனுபவம் உங்களுக்கு இருந்தால் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் கவனித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் கவனிக்கவில்லை என்பதை அவர் கவனித்திருப்பார்.

அடையாளம் சொல்கிறேன். காதில் பென்சில் இருக்கும். தினமும் காலையில் அதைக் கூராகச் சீவிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். அந்தப் பென்சில் இதுவரை எந்த மரத்திலும் ஒரு கோடு போட்டதில்லை. டேப்பை நீட்டி அளக்கும்போது எண்கள் தெரியும் பக்கம் தச்சரிடம் இருக்கும். இவர் விரலுக்கடியில் இருப்பது பூஜ்யம். பூஜ்யத்தைப் பிடிப்பதென்ன சின்ன வேலையா? "நான் ஒரு நூல் நகர்ந்தேன்னா இந்த வீடே ஒரு நூல் நகர்ந்துரும்" என்பார், சுவரில் சாய்ந்தபடி. அவரைப் பொறுத்தவரை உளி, ரம்பம், ஆணி, பசை எல்லாம் துணைக்கருவிகள். வீட்டை நிற்க வைப்பது பிடி. "நான் பிடிச்சிருக்கேன், நீங்க அடிங்க" என்று அவர் சொல்லும்போது, அந்த வாக்கியத்தின் முதல் பாதியிலேயே வேலை முடிந்துவிட்டது என்றும், அடிப்பது வெறும் சம்பிரதாயம் என்றும் உங்களுக்குத் தோன்ற வேண்டும். தோன்றவில்லையென்றால் இன்னொரு தரம் சொல்வார்.

வீட்டிலும் இப்படித்தான். மனைவி ஸ்டூலில் ஏறி மின்விசிறியைத் துடைப்பாள். இவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். சாயங்காலம் யாராவது வந்தால், "இன்னிக்கு ஃபேனெல்லாம் துடைச்சோம், அப்பா, என்ன அழுக்கு!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். துடைத்தவள் தூசி படிந்த தலையோடு காபி போட்டுக்கொண்டு வருவாள்.

நான் சொல்ல வந்த மறுமுனைக்காரர் தச்சருக்குத் தங்கை புருஷன். இதில்தான் சங்கடமே. வேறு உதவியாளாக இருந்தால், "இழுத்துப் பிடிய்யா, தூங்கறியா?" என்று ஒரு அதட்டலில் முடிகிற காரியம். தங்கை புருஷனை அப்படி அதட்ட முடியுமா? "மாப்ளே, தப்பா எடுத்துக்காதீங்க, அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கினீங்கன்னா நல்லாயிருக்கும்னு…" என்று தச்சர் மரியாதையெல்லாம் சேர்த்து வாக்கியத்தை முடிப்பதற்குள் ஆணி வளைந்திருக்கும். வளைந்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே தங்கையிடமிருந்து போன் வரும். "அண்ணே, அவரை நேத்து ஏணியில ஏத்தினீங்களாமே?"

அந்தத் தச்சருக்கு ஒரு நல்ல காலம் வந்தது. புதுசாகக் கட்டிய ஒரு வீட்டில், மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்த முக்கோண இடத்தைப் பலகையடித்து மறைத்துத் தரச் சொன்னார்கள். "இது நல்லா அமைஞ்சா மாடியில கதவு, ஜன்னல், அலமாரி எல்லாமே உங்களுக்குத்தான்" என்றார் வீட்டுக்காரர். வேலையில்லாமல் வெறும் பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்த தச்சருக்கு அந்த மாடி கனவில் வர ஆரம்பித்துவிட்டது.

சட்டம் நிறுத்தியாயிற்று. பிளைவுட் ஒவ்வொன்றாக ஏறியது. கடைசிப் பலகையை ட்ரில் வைத்து அழுத்தியபோது நடுச்சட்டம் உள்பக்கம் வளைந்து கொடுத்தது.

"மாப்ளே, கொஞ்சம் உள்ளே போய் அந்தச் சட்டத்தை முட்டுக்கொடுத்துப் பிடிக்கிறீங்களா?"

அவர் போனார். இரண்டு கையாலும் பிடித்தார். "நான் பிடிச்சிருக்கேன், நீங்க முடுக்குங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. தச்சர் பலகையைத் தூக்கி நிறுத்தி ஸ்க்ரூ முடுக்கத் தொடங்கிய நேரத்தில் வீட்டுக்காரர் போன் செய்தார்: வேலையைப் பார்க்க நாளைக்கு வருவதாக இருந்த அவரும் மனைவியும் இன்றைக்கே வருகிறார்கள், கிளம்பிவிட்டார்கள், வழியில் இருக்கிறார்கள். பிறகு தச்சருக்குக் கை ஓடியதா, கால் ஓடியதா என்று தெரியாது. மிச்ச ஸ்க்ரூவை முடுக்கி, பசை தடவி, அதன்மேல் பளபளவென்று மைக்காவை ஒட்டி, ஓரத்தை ராவி, துணியால் துடைத்து, இரண்டு அடி பின்னால் வந்து நின்று, "எப்படி மாப்ளே?" என்று திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளையைக் காணோம். டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

தங்கையிடமிருந்து போன். "அண்ணே, அவர் ஏன் போனை எடுக்க மாட்டேங்கறார்?"

"டீக்குப் போயிருப்பார்மா. இன்னொரு தரம் அடிச்சுப் பாரு."

அவள் அடித்தாள். மறுமுனைக்காரர் தன் மகளின் குரலைத்தான் போன் மணியாக வைத்திருந்தார். புது மைக்காச் சுவர், பெண்குழந்தைக் குரலில், "அப்பா, போனை எடுங்க! அப்பா, போனை எடுங்க!" என்று கத்தியது.

தச்சர் சுவரில் காதை வைத்தார். "மாப்ளே?"

"பிடிச்சிருக்கேன் மச்சான்."

"போனையாவது எடுக்கலாம்ல?"

"எந்தக் கையால எடுக்கிறது?"

"நான் சுத்தி மூடறப்போ ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"வேலை நடக்கிறப்போ பேசினா உங்களுக்குப் பிடிக்காதே."

"மைக்கா ஒட்டறப்போ?"

"அப்பத்தான் நல்லாப் பிடிக்கணும்."

தச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பலகையைப் பிரித்தால் மைக்கா பிளக்கும், மைக்கா பிளந்தால் மாடி போகும். பிரிக்காவிட்டால் தங்கை புருஷன் போவார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் மாடியைத் தேர்ந்தெடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

"மாப்ளே, அவங்க பார்த்துட்டுப் போறவரைக்கும் சத்தம் காட்டாம இருங்க. கையை வேணா எடுத்துக்குங்க. அதான் ஸ்க்ரூ பிடிச்சிருக்கே."



"ஸ்க்ரூவா?" என்றது சுவர்.

வீட்டுக்காரர் எதையும் தட்டிப் பார்க்கிற ரகம். தர்ப்பூசணி வாங்கினாலும் தட்டுவார், கதவு வாங்கினாலும் தட்டுவார். மேலே தட்டினார், கீழே தட்டினார், நடுவில் காதை வைத்துத் தட்டினார். "உள்ளே காலிதானே? ஆனா கெட்டியா இருக்கே!"

"நல்ல சப்போர்ட் குடுத்திருக்கோம்ங்க."

"என்ன சப்போர்ட்? ஸ்க்ரூவா?"

தச்சர் சுவரை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாங்க. ஸ்க்ரூதான்."

எதைத்தான் ஒரு மனிதன் பொறுத்துக்கொள்வான்? இருட்டைப் பொறுத்தார், பசை நாற்றத்தைப் பொறுத்தார், மகள் குரலைப் பொறுத்தார். இது முடியவில்லை.

"ஸ்க்ரூ மட்டும் இல்லைங்க!" என்றது சுவர்.

வீட்டுக்காரர் பின்னால் தாவிப் பசை டப்பாவில் காலை வைத்தார். வீட்டுக்காரம்மா அசையவில்லை. "யார் அது?"

"தங்கச்சி வீட்டுக்காரருங்க."

"உள்ளே என்ன பண்றார்?"

"பிடிச்சிருக்காருங்க."

அந்த அம்மாள் தச்சரை ஒரு வார்த்தை திட்டவில்லை. கணவர் பக்கம் திரும்பினாள். "படிக்கு அடியில ஒரு கதவு வைங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? விளக்குமாறையும் பக்கெட்டையும் எங்கே வைக்கிறதுன்னு கேட்டா, விளக்குமாறுக்கு ஒரு கதவான்னு சிரிச்சீங்க. இப்போ பாருங்க, ஒரு ஆளே மாட்டிக்கிட்டு நிக்கிறார்!" பிறகு தச்சரிடம், "இந்த இடத்துல கதவுக்கு அறுங்க" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவள் முயலவே இல்லை.

தச்சர் கோடு போட்டார். "மாப்ளே, அறுக்கப் போறேன். சட்டத்தை விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க."

"நான் விட்டா யாரு பிடிக்கிறது?"

தச்சருக்குத் தெரியாதா தன் மாப்பிள்ளையை? "சட்டம் கிடக்கட்டும். அறுக்கிற துண்டு விழுந்து உடையாம பிடிச்சுக்குங்க. அதுக்கு உங்களை விட்டா ஆள் இல்லை."

அறுத்து முடித்ததும் துண்டுப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, மரத்தூள் அப்பிய முகமும் காதில் கூரான பென்சிலுமாக மறுமுனைக்காரர் வெளியே வந்தார். வந்தவர் உடனே திரும்பி நடுச்சட்டத்தைப் பார்த்தார்.

அது நின்றுகொண்டிருந்தது. சும்மா, தன் பாட்டுக்கு, நேராக நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் தட்டிப் பார்த்தார். அப்போதும் நின்றது. மறுமுனைக்காரரின் முகத்தில் மெல்ல மெல்ல ஏதோ கழன்றது. பரீட்சை முடிவில் தன் எண்ணை மட்டும் காணாத பையனின் முகம் மாதிரி ஆயிற்று.

தச்சர் அதைப் பார்த்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் முழங்காலால் சட்டத்தை ஒரு இடி இடித்தார். "லேசா ஆடுது மாப்ளே. ஒரு கை குடுங்க."

பலகைத் துண்டை வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு ஓடினார் பாருங்கள்! வீட்டுக்காரம்மா, "மாடி வேலைக்கும் நீங்களே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகும்வரை அவர் சட்டத்தை விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய், "இன்னிக்கு ஒரு சுவத்தையே கதவாக்கிட்டோம்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், நீங்கள் ஒரு நாள் லீவு போட்டால் ஆபீஸ் குப்புற விழுந்துவிடும் என்று ஜுரத்தோடு கிளம்பிப் போனது யார்? கல்யாணமான மகனுக்குத் தினமும் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்காவிட்டால் அவன் பட்டினி கிடந்துவிடுவான் என்று நம்புவது யார்? கையைக் கொஞ்சம் எடுத்துத்தான் பாருங்களேன். பயமாக இருக்கிறதா? விழுந்துவிடும் என்றா, விழாமல் நின்றுவிடும் என்றா? சரி, வேண்டாம், பிடித்துக்கொண்டே இருங்கள். பக்கத்தில் யாரோ ஸ்க்ரூ முடுக்குகிற சத்தம் கேட்டால் மட்டும், தயவுசெய்து ஒரு குரல் கொடுங்கள்.