சுடுதண்ணியும் ஆறுமணிக்குருவியும்

சப்ரகமுவையில் மழைக்கு அடுத்தபடியாக ஓயாமல் பொழிகிற ஒன்று உண்டென்றால் அது சுடுதண்ணியின் ஏச்சுத்தான். மழையாவது மாசி மாதத்தில் கொஞ்சம் ஓய்வெடுக்கும். அவர் எடுக்க மாட்டார்.

கித்துல்கலைக்கு மேலே, காட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஏழு வருடம் கிளாக்கராக இருந்தேன். அவர் அங்கே பால் வெட்டுகிறவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று தோட்டத்துப் புத்தகத்தில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போய்விடுவார். சுடுதண்ணி என்றால் திரும்புவார். திரும்பி ஏசுவார்.

அவருடைய ஏச்சில் ஆள் பார்த்து வேறுபாடு கிடையாது. பஸ் பிந்தி வந்தால் பிந்தியதற்கு ஏசுவார், முந்தி வந்தால் முந்தியதற்கு. ஒரு வருடம் மூன்று வாரம் விடாமல் மழை. பட்டை நனைந்திருந்தால் ரப்பர் மரத்தை வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் பேர் விழாது, அதாவது அன்றைக்குக் கூலி இல்லை. பொறுத்துப் பார்த்தவர் நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டார்.

“ஏன் ஆத்தா, மழை வேணும்னு கேட்டது தேயிலைக்காரன். அவன் மலை அங்கிட்டு இருக்கு. ஒனக்கு எடம் தெரியாதா? ரப்பரு மேல எதுக்குக் கொண்டாந்து கொட்டுற?”

பூசாரி பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் பளிச்சென்று வெயில். சுடுதண்ணி மறுபடி போனார், நன்றி சொல்லத்தான் போகிறார் என்று நாங்களும் பின்னால் போனோம். “இத முந்தாநாளே செஞ்சிருந்தா என் வாய் வலிச்சிருக்காதுல்ல?” என்று கேட்டுவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரு கூட்டாளி இருந்தது. ஆறுமணிக்குருவி. ஐப்பசியில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வரும், பங்குனி சித்திரையில் திரும்பிப் போகும். உருண்டை உடம்பு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் வால், நீளமான கால். முதுகு பச்சை, சிறகில் நீலம், வயிற்றுக்கடியில் சிவப்பு, கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டி. இத்தனை உடுப்பையும் போட்டுக்கொண்டு மரக்கிளையில் உட்கார்ந்து ஊருக்குக் காட்டலாமே, காட்டாது. காட்டுத்தரையில் தத்தித் தத்தி நடந்து, சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்னும். விடியலில் ஆறு மணிக்கும் பொழுது சாயும்போது ஆறு மணிக்கும் ரெட்டை விசில் அடிக்கும்.

சிங்கள ஆட்கள் அதை அவிச்சியா என்பார்கள். தன் அழகான உடுப்பை மயில் இரவல் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை, அடுத்த புத்தர் வரும்போது முறையிடுவேன் என்றுதான் அது கூவுகிறது என்று ஒரு கதை சொல்வார்கள். அதைக் கேட்டதும் சுடுதண்ணிக்கு மயில் மேல் வந்த கோபத்தைவிடக் குருவி மேல்தான் அதிகம் வந்தது. “புத்தர் வாற வரைக்கும் என்னாத்துக்குக் காத்திருக்கணும்? லேபர் கந்தோர்ல ஒரு பெட்டிசம் போட வேண்டியதுதானே!”

அவர்களுக்குள் பழக்கம் உண்டானது இப்படி. ஓர் ஐப்பசி விடியலில் கடல் தாண்டி வந்த களைப்பில் ஒரு குருவி நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் விழுந்து கிடந்தது. சுடுதண்ணி அதைக் கூடைக்குள் வைத்து, துண்டால் மூடி, பக்கத்தில் குந்திக்கொண்டார். அது தூங்க வேண்டுமாம். “எவனும் சத்தம் போடக்கூடாது! கொன்னுருவேன்!” என்று அவர் போட்ட சத்தம் ரப்பர் ஸ்டோர் வரைக்கும் கேட்டது. களைப்பில் சாகாத குருவி அந்தச் சத்தத்திலும் சாகவில்லை. சாயங்காலம் அதைக் கொண்டுபோய்த் தன் பங்குக்கு வெட்டுகிற முந்நூறு மரத்துக்குள் விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஐப்பசியிலும் அதே மரங்களுக்கடியில் ஒரு குருவி வந்து நின்றது.

அது அதே குருவிதானா என்று ஒரு தடவை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

“கிளாக்கரய்யா, சந்தைக்குள்ள ஒங்க பொண்டாட்டிய ஒங்களுக்கு அடையாளம் தெரியுமா தெரியாதா?”

அவர் மரம் மரமாக வெட்டிக்கொண்டு போவார். அவர் கால் பட்டுச் சருகு கலையும் இடத்தில் பூச்சி எழும்பும், ரெண்டு மரம் பின்னால் அது பொறுக்கிக்கொண்டே வரும். “மெதுவா தின்னுடா நாயே, ஒனக்குப் பின்னால யாரு வரிசையில நிக்கிறா?” என்று அதையும் ஏசுவார். இருபத்தெட்டு வருடமாக அவர் வெட்டிய மரங்கள் அவை. அந்த மரங்களை விட்டால் அவருக்கு வேறு வேலையும் தெரியாது, அந்த வயதில் புதிதாக யாரும் தரவும் மாட்டார்கள்.

ஆற்றங்கரையில் ஒரு ஹோட்டல் வந்தது. ஆற்றில் படகு விட வந்தவர்கள் குருவி பார்க்கவும் ஆசைப்பட்டார்கள். ஆசைப்படட்டும், குருவி யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை. ஆனால் பார்க்கிற முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவன் போனில் ஆறுமணிக்குருவியின் கூவலைப் போடுவான். யாரோ தன் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டான் என்று நினைத்து இந்தக் குருவி தீனியை விட்டுவிட்டு அங்கேயும் இங்கேயும் ஓடும். அவர்கள் படம் எடுப்பார்கள். ஒரு காலையில் நாலு கூட்டம்.

“ஒங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு நான்தான் இந்த வீட்டுக்காரன்னு ஒருத்தன் நாள் பூரா கத்துனா, ஒங்களுக்குச் சோறு எறங்குமா?” என்று சுடுதண்ணி என்னிடம் வந்து குதித்தார். நான்தான் போனில் கத்தினேன் என்பது போல.

மறுநாள் அவரே பழிவாங்கினார். குருவி மாதிரி விசிலடிப்பதில் அவர் குருவியைவிடக் கெட்டிக்காரர். ஆறு வெள்ளைக்காரர்கள் அந்த விசிலைத் தொடர்ந்து பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, அட்டைக்காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் நடந்து, கடைசியில் ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் வந்து ஏறினார்கள். காலுறை எல்லாம் ரத்தம். இவ்வளவு நன்றாகக் கூவுகிற பறவையை இதுவரை கேட்டதில்லை என்று அவர்களுக்குச் சந்தோசம். ஹோட்டல் மாத்தயா என்று நாங்கள் சொல்கிற ஹோட்டல் முதலாளிக்குத்தான் விசயம் புரிந்தது, நேரே தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் வந்தார்.

அதன் பலன், சுடுதண்ணியின் மரங்களுக்குப் போகிற வழியில் ஒரு போர்ட். காலை எட்டரை மணி வரை தொழிலாளர் உள்ளே வரக்கூடாது, பறவைக்கு இடைஞ்சல்.

ரப்பர் தெரியாதவர்களுக்கு இதன் அநியாயம் விளங்காது. பால் விடியல் குளிரில்தான் ஓடும். வெயில் ஏறினால் மரம் வாயை மூடிக்கொள்ளும். எட்டரைக்குப் போய் வெட்டினால் பால் பிடிக்கிற சிரட்டை நனையும், அவ்வளவுதான். சொன்ன அளவுக்குப் பால் வராவிட்டால் அரைப்பேர், பாதிக் கூலி. இப்படியே சில வாரம் போனால் ஆள் சரியில்லை என்று சொல்லி மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். குருவிக்கு இடைஞ்சல் என்று, குருவி யாரோடு சேர்ந்து வேலை செய்ததோ அவரையே வெளியே நிறுத்தினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

போர்டில் சிங்களமும் இங்கிலீசும் இருந்தன. தமிழுக்கு இடம் போதவில்லை என்றார் ஹோட்டல் மாத்தயா. உள்ளே போகக்கூடாதவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள். அந்த வாசகத்தை டைப் அடித்துக் கொடுத்தது நான். வாயைத் திறக்கவில்லை.

சுடுதண்ணி நான் வேலை பார்க்கிற கந்தோர் ஜன்னலில் வந்து நின்றார். “போர்டுல என்னா எழுதியிருக்கு, கிளாக்கரய்யா?”

“ஒங்களுக்குத்தான் சிங்களம் வாசிக்கத் தெரியுமே.”

“தெரியும். ஒங்க வாயால கேக்கணும்.”

வாசித்தேன்.

“அந்தக் குருவி ஒங்ககிட்ட வந்து சொல்லுச்சா, இந்தாளு எனக்கு எடஞ்சலா இருக்கான்னு? இத அடிக்கிறப்ப ஒங்க வெரலு கூசலையா?”

அவர் இன்னும் நாலு ஏச்சு ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஏசாமல் போய்விட்டார்.

அதற்குமேல் அந்த ஹோட்டல் புத்திசாலிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? குருவி சருகுக்குள் மறைகிறது, படம் சரியாக விழவில்லை என்று மரத்தடி முழுவதையும் கூட்டிப் பெருக்கி, சருகைக் குவித்துக் கொளுத்தினார்கள். வாசலைக் கூட்டிவிட்டு விருந்தாளியைக் கூப்பிடுவது நமக்குச் சரி. இந்தக் குருவிக்குக் குப்பைதானே சமையலறை? பெட்டியில் புழு வாங்கி வந்து தட்டில் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் குருவியைக் காணவில்லை. ஹோட்டல் நிறைய ஆட்கள், ஆட்கள் நிறையக் கேமரா, குருவி மட்டும் இல்லை.

பழி யார் மேல் விழும்? கோபத்தில் சுடுதண்ணி அதைப் பிடித்துத் தின்றுவிட்டார் என்று ஹோட்டல் மாத்தயா எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். கந்தோரில் விசாரணை. குற்றம் சரியென்றால் வேலை இல்லை. பின்னேரம் ஐந்தரைக்குத் தொடங்கினார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

விசாரித்தவர் கொழும்பிலிருந்து வந்த சின்னத் தொரை, அவருக்குத் தமிழ் அரையும் குறையும். “நீ பிடிச்சதா? சாப்பிட்டதா? உண்மை சொல்லு.”

“தொரை, அது ஒரு கைப்பிடி ஒடம்பு. அதுல எத்தன பேருக்குக் கறி வரும்? திங்கணும்னா ஹோட்டல்ல கொழுத்துத் திரியுற வாத்தத் திங்க மாட்டேனா?”

ஹோட்டல் மாத்தயா உடனே போனை எடுத்து யாரையோ வாத்துகளை எண்ணிப் பார்க்கச் சொன்னார்.

“அப்ப குருவி எங்க?” என்றார் தொரை.

“பொட்டக் இன்ன, தொரை. ஆறு மணியாகட்டும்.”

கொஞ்சம் பொறுக்கச் சொன்ன அந்த மனிதர் தானும் பொறுத்தார். இருபது நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் யாரும் பார்த்திராத காட்சி. ஆறு அடித்தது, ஒன்றும் இல்லை. ஆறும் ஐந்தும் ஆனது. ஹோட்டல் மாத்தயா சிரித்துக்கொண்டே எழுந்தார்.

அப்போது லயத்துப் பக்கத்திலிருந்து வந்தது, ரெட்டை விசில்.

எல்லோரும் ஓடினோம். லயத்துக்குப் பின்னால் கழிவுத்தண்ணி ஓடுகிற ஒரு கான். பலாச்சருகும் ரப்பர்ச்சருகும் மூன்று வருடமாக அடைத்து ஊறிக் கிடந்தது. அதைத் துப்புரவாக்கச் சொல்லிச் சுடுதண்ணி கொடுத்த கடிதங்கள் பதினொன்று, எல்லாவற்றையும் வாங்கிக் கட்டி வைத்தவன் நான். அந்த ஊத்தைக்குள் ராஜா மாதிரி நின்றது குருவி. ஒரு சருகைப் புரட்டியது, நீளப் புழுவை இழுத்தது, எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த சருகுக்குப் போனது.

“ஹரி லஸ்ஸனய்!” என்று அதன் அழகில் ஹோட்டல் மாத்தயா உருகிப்போனார். அதே மூச்சில், இங்கே ஒரு மூங்கில் தட்டி அடித்து, பார்க்க வருகிறவர்கள் உட்கார எட்டுக் கதிரை போடலாம் என்றார்.

சுடுதண்ணி வெடித்தார். ஆனால் குருவி தின்றுகொண்டிருந்ததே, சத்தம் போட முடியுமா? கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, கண் சிவக்க, அத்தனையையும் குசுகுசுத்தார்.

“கானைத் துப்புரவாக்குங்கன்னு பதினோரு தரம் கேட்டேன். புள்ளைங்க காய்ச்சல்ல படுத்துச்சு, ஒரு பய எட்டிப் பாக்கல. குருவி வந்தொடனே கதிரை போடுறியா? இங்க குருவி மட்டுமா இருக்கு? நாங்க இருக்கோம்யா! பொம்பளைங்க குளிக்கிற பைப்பு அந்தா இருக்கு. கேமராவத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் இங்கிட்டு வரட்டும்.”

வந்தால் என்ன செய்வார் என்று சொல்லவில்லை. அந்தக் குசுகுசுப்பில் தொரை ரெண்டடி பின்னால் போனார். அவர் முழுச் சத்தத்தில் ஏசியதற்கு யாரும் அப்படிப் பயந்ததில்லை.

மறுநாள் போர்டை எடுக்கச் சொன்னார்கள். மன்னிப்பு ஒன்றும் இல்லை, ஏழைக்கு மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எந்தக் கந்தோரில் இருக்கிறது? நானே போய்ப் பிடுங்கினேன். கத்தியோடு நின்ற சுடுதண்ணி, “இதையாச்சும் ஒழுங்காப் புடுங்குங்க” என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் ஏச்சு. காதுக்குத் தேன்.

அவர் மரங்கள் அவருக்குத் திரும்பின, ஆனால் தரை மொட்டையாகக் கிடந்தது. அந்தப் பருவம் முழுவதும் வேலை முடிந்து காட்டோரத்துச் சருகைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து முந்நூறு மரத்தடியிலும் கொட்டினார். “வீட்டுக்கு ஒரு கட்டு வெறகு சொமந்ததில்ல, காட்டுக்குக் குப்பை சொமக்குறாரு” என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அடுத்த ஐப்பசியில் குருவி நேரே மரத்தடிக்கே வந்தது.

பிறகு எனக்குக் கஹவத்தைப் பக்கம் மாற்றம் கிடைத்தது. வருடாவருடம் ஐப்பசியில் ஒரு போன் வரும். ஹலோ கிடையாது, சுகமா கிடையாது. “வந்திருச்சு. இந்தியாவுலேருந்து அது வருது, கஹவத்தைலேருந்து ஒங்களுக்கு வர முடியல.” டொக்கென்று வைத்துவிடுவார்.

இந்த வருடம் ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி ஆயிற்று, போன் வரவில்லை. நானே எடுத்தேன்.

“இன்னும் வரலங்க” என்றார். “சின்ன ஒடம்பு. அம்புட்டுப் பெரிய கடலு.”

சுவரில் தொங்கிய கலண்டரில் நாளை எண்ணிப் பார்த்தேன்.

“நீங்களாச்சும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, கிளாக்கரய்யா.”

ஏசாமல் போனை வைத்துவிட்டார். சனிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று அவர் என்னை நாள் முழுக்க ஏச வேண்டும், நான் அவருக்குப் பின்னால் ரெண்டு மரம் தள்ளி நடந்து கேட்டுக்கொண்டே போக வேண்டும்.