டபுள் விசிலோடு வேளாங்கண்ணிக்கு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் டபுள் விசிலிடம் திட்டு வாங்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் வாழ்நாளில் பஸ்ஸே ஏறாதவராக இருக்க வேண்டும். அந்தத் தடத்தில் ஓடும் தனியார் பஸ் ஒன்றின் கண்டக்டர் அவர். நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை. படியில் நிற்பவரை உள்ளே தள்ளி, உள்ளே நிற்பவரை முன்னே தள்ளி அவர் இரண்டு விசில் கொடுத்தால், பக்கத்தில் நிற்கும் வேறு பஸ்ஸும் கிளம்பிவிடும்.

அவர் வருஷா வருஷம் லீவு போட்டு, காவி வேட்டி கட்டி, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர் என்பது என் மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நேர்ந்துகொண்டது அவள். நடக்க வேண்டியது நான். திண்டிவனத்திலிருந்து கிளம்பும் ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்தால், கழுத்தில் விசிலோடு இவர் நிற்கிறார்.

"இங்கயும் கண்டக்டர்தானா?" என்றேன்.

"பின்ன? எத்தினி பேர் ஏறுனாங்க, எத்தினி பேர் எறங்குனாங்கன்னு பாக்க ஆளு வேணாமா சார்?"

நடக்கிற கூட்டத்தை அவர் பஸ்ஸாகவே நடத்தினார். ஒற்றை விசிலுக்கு நிற்க வேண்டும், இரட்டை விசிலுக்கு நடக்க வேண்டும். வழியில் டீக்கடையைப் பார்த்து யாராவது தயங்கினால், "இது ஸ்டாப்பிங் இல்ல" என்பார். தலைகளை எண்ணிக்கொண்டு முன்னால் போவார், பின்தங்கியவர்களைத் தேடித் திரும்ப வருவார். நாங்கள் ஒரு தடவை நடந்த சாலையை அவர் இரண்டு தடவை நடந்தார்.

நான் புது ஷூ போட்டுப் போயிருந்தேன். ஊர் தாண்டுவதற்குள் குதிகாலில் கொப்புளம். ஒற்றை விசில் கேட்டது.

"இன்னா சார், புச்சா? கல்யாணத்துக்கா போறீங்க?"

ரோட்டோரம் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, தன் ரப்பர் செருப்பைக் கழற்றி என் காலில் மாட்டிவிட்டார்.

"அப்ப நீங்க?"

"எனக்குப் பழக்கம் சார். ஜல்தியா எழுந்துருங்க, பின்னாடி பஸ் ஹாரன் அடிக்கிறான்."

பின்னால் ஒரு பஸ்ஸும் இல்லை.

எங்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் சென்னையிலிருந்து தனியாக நடந்து வந்த பெயிண்டர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். யாரோடும் பேசமாட்டார். தண்ணீர் கொடுத்தால்கூட வாங்கமாட்டார். கிளியனூர் தாண்டி, உச்சி வெயிலில், அவர் ரோட்டோர வேப்பமரத்தடியில் சுருண்டு விழுந்தார். டபுள் விசில் எங்களை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

அந்த வழியாக பைக்கில் வந்த கோட்டக்குப்பத்து ஜவுளிக்கடை பாய் ஒருவர், யாரும் கைகாட்டாமலே வண்டியை நிறுத்தினார்.

"ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம்."

பெயிண்டர் கண்ணைத் திறந்து, "வண்டில ஏறமாட்டேன்" என்றார். மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறது, ஓர் அடிகூட வண்டியில் போகாமல் நடந்து வருவதாக மாதாவிடம் சொல்லியாகிவிட்டது, செத்தாலும் சரி, ஏறுவதில்லை. சொல்லும்போதே அவருக்கு நாக்கு குழறியது.

டபுள் விசில் அவர் முன்னால் குந்தினார். அப்படி மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"அண்ணா, ஆஸ்பத்திரி நீ வந்த வழியிலதான் இருக்குது. பின்னாடி போறது கணக்குல வராது. உன் நடைய இந்த மரத்தாண்ட நிறுத்தி வெக்கிறேன். நாளைக்கு இங்கேர்ந்தே நடக்கலாம், நானும் வர்றேன். ஓர் அடிகூட கொறையாது." தன் காவித் துண்டை அவிழ்த்து மரத்தில் கட்டினார்.

பெயிண்டர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். பாய் ஓட்ட, பெயிண்டர் நடுவில், டபுள் விசில் பின்னால் அணைத்துப் பிடித்தபடி மூவரும் போனார்கள்.

நாங்கள் புதுச்சேரி போய் ஒரு மண்டபத்தில் தங்கினோம். அங்கே டபுள் விசிலிடமிருந்து போன் வந்தது. "யாரும் கெளம்பிடாதீங்க. ரெண்டு டிக்கெட் பாக்கி இருக்குது."

மறுநாள் முழுக்க அங்கேயே கிடந்தோம். கொசு, புழுக்கம், முன்பின் தெரியாத ஒருவருக்காக ஒரு நாள் வீண். எல்லோருக்கும் எரிச்சல். அவர் வந்ததும் கேட்பதற்காக நான் சில வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்ததைப் பெயிண்டர் பிறகு சொன்னார். பாய் ராத்திரி தன் வீட்டுக்குப் போய்விட்டு, காலையில் பன்னும் பிளாஸ்கில் டீயுமாகத் திரும்ப வந்து, இருவரையும் அதே மரத்தடியில் இறக்கிவிட்டிருக்கிறார். பெயிண்டர் மரத்தைப் பார்த்துவிட்டு, "இது இல்ல. நான் வுழுந்தது அதுக்கு முந்தின மரம்" என்றாராம். டபுள் விசில் மறுபேச்சுப் பேசாமல் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முந்தின மரத்துக்குப் போய், அங்கிருந்து இரண்டு விசில் கொடுத்திருக்கிறார்.

பெயிண்டர் வேளாங்கண்ணி வரைக்கும் நடந்தே முடித்தார். அவருக்குப் பேத்தி பிறந்த சேதி எனக்கும் போனில் வந்தது. அதெல்லாம் பிறகு.

அன்று சாயங்காலம் மண்டப வாசலில் இருவரும் வந்து நின்றார்கள். பெயிண்டர் காலில் புதுச் செருப்பு. டபுள் விசில் வெறுங்காலோடு, முகமெல்லாம் புழுதியாக, வந்ததும் வராததுமாக எங்கள் தலைகளை எண்ண ஆரம்பித்தார். அவருடைய ரப்பர் செருப்பு என் காலில்தான் இருந்தது.

"சாப்டீங்களா?" என்றுதான் கேட்டேன்.