சூலூரில் ஒரு சாலைப்புழு

சூலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, "பல்லுச் சித்தர்" என்று வாயைத் திறந்தால் போதும். ஆட்டோக்காரர் மீதியைக் கேட்காமலே கொண்டுபோய் இறக்கிவிடுவார். அவர் இருப்பது ஒரு பழைய தறிக் கொட்டகையில். தறி ஓடிய காலத்தில்கூட அங்கே இத்தனை பேர் வந்ததில்லை. தறி நின்றது, சித்தர் ஓடத் தொடங்கினார்.

வாசல் ஃபிளெக்ஸில் சித்தர் சிரித்துக்கொண்டிருந்தார். கடைவாயில் ஒரு தங்கப்பல் மின்னியது. ஊர்ப் பல்லையெல்லாம் காப்பவருக்குச் சொந்தப் பல் எப்படிப் போயிற்று என்று வரிசையில் நின்ற யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் வரிசையில் நிற்பானேன்?

சித்தரின் தத்துவம் எளிது. விபத்து நடந்த இடத்தில் அலையும் ஆவி, அடிபட்டவரின் பல்லுக்குள் புழுவாகப் புகுந்துகொள்கிறது. பெயர் சாலைப்புழு. அது வெளியே வரும்வரை பல் ஆடும். சித்தர் மந்திரம் சொல்லி, பஞ்சால் ஒற்றி, ரத்தத்தோடு புழுவை எடுத்துக் காட்டுவார். யாரும் கண்ணால் பார்க்கலாம். போனில் படமும் எடுக்கலாம். கேள்விதான் கேட்கக் கூடாது.

கயல்விழி தம்பியோடும் அம்மாவோடும் அந்த வரிசையில் நின்றாள். முந்தின நாள் மாலை, சிங்காநல்லூரில் லாரி சிந்திவிட்டுப் போன மணலில் தம்பி கௌதமனின் பைக் சறுக்கியது. உதடு கிழிந்து, மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு ஆடின. காலையில் அவள் பல் டாக்டரிடம் போனில் கேட்டாள். "இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. கம்பி வெச்சுக் கட்டினா பல்லக் காப்பாத்திரலாம். தள்ளிப்போட்டா கஷ்டம்" என்றார்.

அதற்குள் பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி வந்துவிட்டார். கயல்விழிக்கு வரன் கொண்டுவருகிறவர் அவர்தான். ஆகவே அந்த வீட்டில் அவர் சொல்வதே சட்டம்.

"ஏம்மா வள்ளி, இரும்பு பட்டா புழு மத்த பல்லுக்கும் ஓடிப்போயிரும். மொதல்ல சித்தருகிட்டக் காட்டிப்போடு. டாக்டரு எங்க ஓடிப்போறாரு?"

அம்மா வள்ளியாத்தாள் தலையாட்டினாள். கூடவே வெங்கடலட்சுமியும் கிளம்பினார். கொட்டகையில் முன்வரிசை நாற்காலி அவருக்கு எப்போதும் காலியாக இருக்கும்.

முறை வந்தது. சித்தர் கௌதமனின் உதட்டைத் தூக்கினார். மந்திரம் முணுமுணுத்தார். பஞ்சு உள்ளே போயிற்று. சிவந்து வெளியே வந்தது. அதன் நடுவில் வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

"இது குஞ்சு. தாய்ப்புழு உள்ள இருக்குது. அமாவாசைக்கு வா தம்பி. அதுவரைக்கும் டாக்டரு கை படக்கூடாது."

கௌதமன் வீங்கிய வாயால் முனகினான். "அமாவாசைக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குதும்மா."

"சாமி சொல்லிப்போட்டாருல்ல கண்ணு. பல்லக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்க."

"எதைம்மா கடிக்கிறது?"

கயல்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. பகலில் மோட்டார் கம்பெனி ஆபீசில் வேலை, மாலையில் கணக்கு வகுப்பு என்று போகிறவள் அவள். சரியாக வந்த கூட்டலையும் இரண்டாம் முறை போட்டுப் பார்ப்பாள். இப்போதும் அவளுக்குத் தன்மேல்தான் சந்தேகம். புழுவைக் கண்ணால் பார்த்தாயிற்றே. இத்தனை பேர் நம்புகிறார்களே. நாம்தான் தப்பாக நினைக்கிறோமோ? சரி, எது நடந்தால் சித்தர் உண்மையானவர், எது நடந்தால் பொய்யர்?

அதற்கு விடை அவள் வாயிலேயே இருந்தது. பள்ளியில் படிக்கும்போது வால்பாறை மலைப்பாதையில் பஸ் சட்டென்று பிரேக் போட, முன்சீட்டுக் கம்பியில் மோதி இரண்டு முன்பற்களை இழந்தவள் அவள். அன்றிலிருந்து கழற்றி மாட்டும் செட்டுப்பல். கல்யாணம் முடியும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அந்தப் பல்லில் புழு வராவிட்டால் சித்தர் உண்மையானவர், காலில் விழுந்துவிடலாம். வந்துவிட்டால்? வெங்கடலட்சுமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் செட்டைக் கழற்றிக் காட்டினால் வரன் போனதுதான். கயல்விழி தம்பியின் உதட்டை ஒருமுறை பார்த்தாள். முன்னால் போனாள்.

"சாமி, எனக்கும் முந்தி பஸ்ஸுல அடிபட்டுச்சுங்க. இந்த ரெண்டு பல்லுலயும் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

சித்தர் விரலால் தட்டிப் பார்த்தார். முகம் இருண்டது. "பழைய புழு அம்மணி. வேர் வரைக்கும் எறங்கியிருக்குது."

மந்திரம். பஞ்சு. ரத்தம். தம்பிக்கு வந்ததைவிடக் கொழுத்த புழு.

கயல்விழி வாய்க்குள் விரலை விட்டு செட்டைக் கழற்றினாள். பித்தளைத் தட்டில், புழுவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல வேர் எங்கீங் சாமி இருக்குது?"

முதலில் வாயைத் திறந்தவர் வெங்கடலட்சுமி.

"அட, உனக்குச் செட்டுப்பல்லா? மாப்பிள்ள ஊட்டுல நான் என்னன்னு சொல்லுவேன்?"

பத்துப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பிளாஸ்டிக்கில் புழு வந்தது அவர்களுக்குப் பெரிதில்லை. பெண்ணுக்குப் பல் இல்லாததுதான் பெரிது.

அந்த இடைவெளியில் சித்தர் சுதாரித்துக்கொண்டார். "பாத்தீங்களா, பிளாஸ்டிக்கையே தொளைச்சிருக்குது. அத்தனை உக்கிரம்." பின்னால் ஒருவர் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வள்ளியாத்தாள் மகளின் பொக்கை வாயைப் பார்த்தாள். இத்தனை வருஷம் மூடி வைத்தது ஊர் நடுவில் திறந்து கிடந்தது. தட்டைப் பார்த்தாள். பஞ்சைப் பார்த்தாள்.

"தொளைச்சுதுன்னே வெச்சுக்கலாமுங்க. பிளாஸ்டிக்குல ரத்தம் எப்படீங் வரும்?"

சித்தரின் கை எதையோ மூடப் போயிற்று. அவர் மடியோரம் இருந்த பஞ்சு டப்பாவைக் கயல்விழி எடுத்தாள். ஓர் உருண்டையைப் பிரித்தாள். உள்ளே, எச்சில் பட்டால் ரத்தமாகிவிடும் சிவப்புச் சாயப் பொடி. அதில் ஒரு புழு. இன்னொன்றைப் பிரித்தாள். அதிலும் ஒன்று. இன்னும் வாயையே திறக்காதவர்களின் பற்களிலிருந்து வரவேண்டிய புழுக்கள், டப்பாவில் சொகுசாகக் காத்திருந்தன.

"தியானத்துக்கு நேரமாச்சு" என்று சித்தர் எழுந்தார். தியானம் பின்வாசல் வழியாக, செருப்பைக்கூட விட்டுவிட்டு, வேகமாக ஓடியது.

வள்ளியாத்தாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெங்கடலட்சுமியிடம் திரும்பினாள். "ஏனுங்கம்மா, மாப்பிள்ள ஊட்டுல உள்ளதச் சொல்லிப்போடுங்க. பல்லு போச்சு, புத்தி இருக்குதுன்னு. நாங்க டாக்டருகிட்டப் போயிட்டு வாரமுங்க."

அன்று மாலையே டாக்டர் கௌதமனுக்குக் கம்பி கட்டினார். பல் பிழைத்துக்கொள்ளும் என்றார்.

கொட்டகையில் பாதி வரிசை அப்போதும் கலையவில்லை. டோக்கன் வாங்கியாயிற்றே, சித்தர் திரும்பி வருவார் என்று நின்றார்கள். யாரோ சொன்னதும் வாயைத் திறந்துவிடுகிறீர்கள், ஐயா. மூளையைத் திறப்பதற்கும் ஒருவர் வந்து மந்திரம் சொல்ல வேண்டுமா?