தெர்மெஸோஸ் மலையில் சம்பந்தியம்மாவைத் தொலைத்தது

அந்தால்யா,
வெள்ளிக்கிழமை

பெருமதிப்புக்குரிய நெர்மின் அக்காவுக்கு,

தம்பி ஹாலித் உங்கள் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு எழுதுவது. இங்கு நானும் என் மனைவியும் மகள் பெர்ரினும் நலம். கோன்யாவில் நீங்களும் அத்தானும் அத்தானின் மூட்டுவலியும் எப்படி? முதலில் ஒரு விண்ணப்பம். பெர்ரினின் நிச்சயதார்த்தத்துக்கு நீங்கள் கிளம்ப வேண்டாம். சம்பந்தம் முறிந்துவிட்டது. முறிந்த விதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

மாப்பிள்ளைப் பையன் பட்டாளத்தில் இருப்பதால் அவனுடைய தாய் தகப்பன் மட்டும் கைசேரியிலிருந்து வந்தார்கள். தகப்பனார் ரிஃபத், உப்புக்கண்டக் கடை முதலாளி, பேச ஆரம்பித்தால் மூச்சு விடவும் நிறுத்தாத மனிதர். ஊரைக் காட்டினேன். ரோமர் காலத்து ஹாத்ரியன் வாசலைப் பார்த்து "எங்க ஊர்க் கோட்டையில பாதி வராது" என்றார். துறைமுகத்தில் மீன் வாங்கிக் கொடுத்தேன், முள் இருக்கிறது என்றார். சரி, மலைமேல் இடிந்து கிடக்கும் பழைய தெர்மெஸோஸ் நகரத்தைக் காட்டினாலாவது வாயடைத்துப் போவார் என்று நேற்று அவர்கள் இருவரையும் பெர்ரினையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கேதான் அக்கா விதி உட்கார்ந்திருந்துச்சு. கல் அரங்கத்துக்கு ஏறிப் போய்ச் சேர்ந்ததும் அவர் உப்புக்கண்டத்துக்கு எப்படி மசாலா தடவணும்னு பேச ஆரம்பிச்சார், மலையிலேருந்து மேகம் சரசரன்னு இறங்குது, என் கையே எனக்குத் தெரியலை, திரும்பிப் பாக்கறேன், சம்பந்தியம்மாவைக் காணோம்! அரங்கத்துக்கு அந்தப் பக்கம் நேர் பாதாளம். காவக்காரர் வேற வந்து, "போன வருஷம் இங்கதான் ஒரு ஆடு விழுந்துச்சு"ன்னு நிதானமா சொல்றார். நான் முட்டி போட்டு விளிம்புவரைக்கும் ஊர்ந்து போய் ஒரு கல்லைத் தள்ளினேன். அது விழுந்த சத்தமே கேக்கலை அக்கா. பின்னாடி ரிஃபத், "ஏ இவளே! இவளே!"ன்னு கத்தறார். மேகத்துக்குள்ள மூணு திசையிலேருந்து மூணு பொம்பளைங்க "என்னங்க?"ங்கறாங்க. மூணும் வேற யாரோ வீட்டு மனைவிங்க!

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சம்பந்தி!"ன்னேன். மனுஷன் வாயைத் திறந்தார், மூடினார். முகம் வெளுத்துப் போச்சு. "பசங்களோட அம்மான்னுதான்... நான் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லையே"ன்னு சொல்லி அந்த ஈரக் கல்லுலயே உக்காந்து அழுதுட்டார். அப்ப நம்ம பெர்ரின்தான் கையைக் குவிச்சு, "மெஸியெத் அத்தே! மெஸியெத் அத்தே!"ன்னு ஒரு குரல் விட்டா பாருங்க, அந்தக் காலத்துக் கல்லறைங்க இருக்கற பக்கத்திலேருந்து, "இங்க இருக்கேன்டி கண்ணு!"

ஓடினோம். சாய்ஞ்சு கிடந்த ஒரு கல் சவப்பெட்டிக்குள்ள, கால் சுளுக்கி, முக்காடு நனையாம, சௌகரியமா உக்காந்திருக்காங்க. "இவ்வளவு நேரம் கத்தறேனே, காது கேக்கலையா?"ன்னு ரிஃபத் குதிக்கறார். "கேட்டுது. யாரோ யாரையோ கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். தவிர, உள்ள அமைதியா இருந்துச்சு"ன்னாங்க. பெர்ரின் சிரிச்சுட்டா. அதான் வினை. "என் குரலுக்கு வராதவ இந்தப் பொண்ணு குரலுக்கு வர்றா! நாளைக்கு என் வீட்டுல என் பேச்சு எடுபடுமா? சம்பந்தமே வேண்டாம்!" இன்னிக்கு மதியம் ரெண்டு பேரையும் பஸ் ஏத்திவிட்டேன். பெர்ரின் அறையைச் சாத்திக்கிட்டு இருக்கா.

ஆகவே அக்கா, வாங்கின பட்டுத்துணியைப் பத்திரமாக மடித்து வையுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். அத்தானுக்கு என் சலாம், பிள்ளைகளின் கண்களில் என் முத்தம். ஆண்டவன் உங்கள் வீட்டை நிறைவாக வைக்கட்டும்.

உங்கள் தம்பி,
ஹாலித்

பி.கு: உறையை ஒட்டும்போது வாசல்மணி அடித்தது. பெட்டியோடு சம்பந்தியம்மா! வழியில மானவ்காத் ஊர்ல பஸ் டீக்கு நின்னுச்சாம், இறங்கிட்டாங்களாம். "அவர் அசந்து தூங்கிட்டிருந்தார், எழுப்பப் பாவமா இருந்துச்சு"ங்கறாங்க. மேலே எழுதினதையெல்லாம் மறந்துட்டு, பட்டோட உடனே கிளம்பி வாங்க. அவங்க இப்ப அடுப்படியில நின்னுக்கிட்டு, நிச்சயதார்த்தத்துக்கு யார் யாரைக் கூப்பிடலாம்னு என் மனைவிகிட்ட சொல்லிட்டிருக்காங்க. அதுல ரிஃபத் உண்டான்னு கேக்க எனக்கு தைரியம் வரலை.