மூன்றாம் இடத்தில் போட்ட கும்பிடு

தன்னம்பிக்கை கூடக்கூடக் கண்பார்வை குறையும். (கண் டாக்டர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் அனுபவஸ்தன்.)

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஓசூரில் ஒரு கியர் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். லீவு நாட்களில் தேசிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் கார் ஓட்டினேன். டூரிங் கார் என்றால் ராக்கெட் அல்ல. தெருவில் நிற்கும் அதே கார்தான். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இரும்புக் கம்பிக் கூண்டு வைத்திருப்பார்கள். கார், மத்திகிரியில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த மஞ்சுநாத் அண்ணனுடையது. ஓட்டுவது நான். வழக்கமாகக் கடைசிக்கு முந்தின இடத்தில் வருவோம். கடைசி இடம், வண்டி பாதியில் நின்றவருக்கு.

அந்த சீசனோடு சாம்பியன்ஷிப்பையே மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஸ்பான்சர் கிடைக்கவில்லையாம். என்னைப் போன்ற வீரன் இருந்துமா என்று எனக்கு ஆச்சரியம். சென்னைக்குப் பக்கத்தில் நடந்த கடைசிப் பந்தயத்துக்கு மாமனாரை அழைத்தேன். அவருக்குக் காவேரிப்பட்டினத்தில் மாந்தோப்பு. கல்யாணமான நாளிலிருந்து, "சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வர்றதுக்கு எதுக்கு மாப்ள இத்தன பெட்ரோலு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பையோடு பதில் சொல்ல எனக்கு இதைவிட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

"மொத மூணு எடத்துல வருவேன். மாமாவ நல்லா பாக்கச் சொல்லு" என்றேன், மனைவி மலரிடம்.

"மொதல்ல வண்டி முழுசா ஓடட்டும்" என்றாள்.

ஓடியது. முன்னால் போன இரண்டு பேர் இடித்துக்கொண்டு மண்ணில் இறங்கினார்கள். இன்னொருவருக்கு டயர் வெடித்தது. நான் என் திறமையால் (வேறென்ன?) மூன்றாம் இடத்துக்கு வந்தேன். எங்களிடம் வயர்லெஸ் கிடையாது. எத்தனை ரவுண்டு பாக்கி என்று மஞ்சுநாத் அண்ணன்தான் தடத்தோரச் சுவரருகே நின்று போர்டில் காட்டுவார். அங்கே பார்த்தேன். போர்டைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி ஒன்று பலமாக ஆடிக்கொண்டிருந்தது.

கட்டம் போட்ட கொடி ஆடினால் பந்தயம் முடிந்தது என்று அர்த்தம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வெற்றிவீரனாக இரண்டு கைகளையும் தூக்கினேன். கூண்டுக் கம்பி இடித்து, அவை மார்புக்கு நேராக ஒன்று சேர்ந்துகொண்டன. சுவரோரமாக ஊர்ந்தேன். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக விர்ரென்று தாண்டிப் போனார்கள். முடிந்த பிறகும் இவர்களுக்கு என்ன அவசரம் என்று சிரித்துக்கொண்டேன்.

அந்த ரவுண்டு முழுக்கக் கூட்டத்துக்குக் கையசைத்துவிட்டு வந்தால், எல்லைக்கோட்டில் நிஜக் கொடி எனக்காகக் காத்திருந்தது. ஓடி முடித்தவர்களில் கடைசி இடம்.

"யாக்கப்பா நில்லிசிதே?" என்றார் மஞ்சுநாத் அண்ணன். (கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.) "இன்னும் ஒரு ரவுண்டு இருக்குன்னு போர்டு காட்டறேன், நீ எதுக்குப்பா நிறுத்துன?"

"கொடி காட்டுனீங்களேண்ணா."

அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். பின்னால் மாமனார், தோளில் கறுப்பு வெள்ளைக் கட்டத் துண்டோடு, கண் கலங்கி நின்றிருந்தார். மஞ்சுநாத் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், நான் மூன்றாவதாக வருகிறேன் என்று கேட்டதும் சந்தோஷம் தாங்காமல் போர்டுக்கு முன்னால் பாய்ந்து துண்டைச் சுழற்றியிருக்கிறார்.

"மாமா, அது வந்து..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மாப்ள" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ்ளோ வேகத்துலயும் என்னயப் பாத்ததும் வண்டிய நிறுத்தி ஒரு கும்பிடு போட்டீங்க பாருங்க. கப்பு கெடக்குது விடுங்க."

மலர் என்னையே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் வானத்தைப் பார்த்தேன்.

சாம்பியன்ஷிப் அதோடு போய்விட்டது. மரியாதை மட்டும் நிலைத்துவிட்டது. எந்த விசேஷ வீட்டிலும் மாமனார் இந்தக் கதையைச் சொல்லாமல் இலையில் உட்கார மாட்டார். கூடவே, பெரிய மாப்பிள்ளை கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் தன்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போன கதையையும் சொல்வார். போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் அந்தப் பெரிய மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சகல, நெசத்தச் சொல்லு. ரேஸு முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுதான நிறுத்துன?"

மாமனார் பந்தி விசாரித்தபடி எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார். நான் சாம்பார்க் கையோடு எழுந்து கும்பிட்டேன்.