பதினோரு தடிப்பும் ஒரு பாட்டில் மருந்தும்

"ஏங்க, இங்க ஓடி வாங்க! புள்ள வயித்தைப் பாருங்க!"

தையல்காரம்மா போட்ட சத்தத்தில் கணவர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார். ஆறு வயது மகளின் வயிற்றில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. எண்ணினால் பதினொன்று.

"காய்ச்சலுக்கும் தொண்டை வலிக்கும் குடுத்த மருந்துதான். அஞ்சு நாளா உள்ள போச்சே, ஒத்துக்கல!"

"மருந்தா இருக்காதுடி..."

"நீங்க பெரிய டாக்டரு! போய் மிச்சத்தைச் சிரைங்க."

தடிப்பு பரவுகிறதா என்று தெரிய வேண்டாமா? துணியில் கோடு போடும் சாக்கட்டியால் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டாள். குழந்தை கூச்சத்தில் நெளிய, வட்டமெல்லாம் கலைந்து வயிறு வெள்ளையடித்த சுவராயிற்று. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். பதினொன்று இருபதாகிவிட்டது.

"அம்மா, நீ தேச்சதுலதான் செவந்திருக்கு."

"சும்மா இரு தங்கம். சொறியாத!"

சொன்னால் கேட்கிற வயதா? யாருக்கோ தைத்து வைத்திருந்த முழுக்கைச் சட்டையை மாட்டி, சட்டைக் கையின் நுனியை ஊசிநூலால் மூடியே தைத்துவிட்டாள். புழுங்கிப்போய், அரை மணியில் கழுத்தெல்லாம் பொரிப் பொரியாய்.

மூவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரைப் பார்த்ததும் தையல்காரம்மாவுக்கு அடக்கிவைத்த அழுகை பொத்துக்கொண்டது. "நாளைக்கு ஒண்ணுன்னா எந்த மருந்தை நம்பிக் குடுப்பேன் டாக்டர்?"

"முதல்ல புள்ள கையை வெளிய விடுங்கம்மா." தையலைக் கத்தரித்துவிட்டு வாய், கண், மூச்சு எல்லாம் பார்த்தார். "பயப்படாதீங்க. காய்ச்சல் விடறப்பவும் இப்படி வரும், மருந்தாலயும் வரும். பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். வேளா வேளைக்குக் குடுத்தீங்களா?"

"நான் மெஷின்ல உக்காந்திருப்பேன், அவருதான் குடுப்பாரு. ஒரு வேளை தப்பல. பாட்டிலே காலி!"

கணவர் சுவரிலிருந்த பல் படத்தை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்த மருந்து இவளுக்கு ஆகாதுன்னு எழுதி வச்சிடறேன். இனிமே யாரும் குடுக்க மாட்டாங்க." டாக்டர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

மகள் அப்பாவை ஒரு தரம் பார்த்தாள், பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"எழுதாதீங்க டாக்டர். கசக்குதுன்னு நான் அழுதேனா, அஞ்சு நாளும் எனக்குப் பதிலா அப்பாதான் குடிச்சாரு."