பூட்ஸ், மீசை, கத்தல்

ஜெயபாலனின் மீசை மூன்றாவது முறையாகக் கழன்று, ஊர்க்காரியாக நடிக்க வந்த இருளாயியின் தே தாரிக் டீயில் விழுந்தது.

"மண்டி போடுங்கடா!" என்று கர்ஜித்துக்கொண்டிருந்தவர், மீசை போனது தெரியாமல் இன்னும் இரண்டு வரி கர்ஜித்தார். மண்டி போட வேண்டிய இருபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"கட்!" என்றாள் நஸீரா.

சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஆளில்லாத ரப்பர் தோட்டத்தின் பழைய ஸ்டோர் அது. ஈப்போ குறும்படப் போட்டிக்காக நஸீரா பாசிசத்தைப் பற்றிப் படம் எடுக்கிறாள். ஊரைப் பிடிக்க வரும் ராணுவ அதிகாரி வேடம், குனோங் ராபாட் குடியிருப்புச் சங்கத் தலைவர் ஜெயபாலனுக்கு. ஐம்பத்தாறு வயதில் கிடைத்த முதல் வேடம். மனைவி சரளா சொந்தக்காரர் ஒருவர் விடாமல் படம் பார்க்க அழைத்துவிட்டாள். மனிதரும் ஒரு மாதமாகப் போர்ப்படங்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தார். பாசிசம் என்றால் என்னவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்: பூட்ஸ், மீசை, கத்தல்.

"அண்ணே, பயமே வரலை லா," என்றாள் நஸீரா. "இன்னும் ஒரு தடவை பார்ப்பேன். சரிவரலைன்னா ஹுசைன் அண்ணன்தான் ஆபீசர்."

ஊர்க்காரர் கூட்டத்தில் நின்ற ஹுசைன், சாப்பாட்டுக் கடைக்காரர். கடையில் அவர் ஆர்டர் சொன்னால் அடுத்த தெருவில் ஆள் திரும்பிப் பார்ப்பான். இப்போதே தொண்டையைச் செருமத் தொடங்கிவிட்டார்.

ஜெயபாலன் குனிந்து தன் காலைப் பார்த்தார். குறை பூட்ஸில்தான் என்று முடிவு கட்டினார். ஸ்டோர் மூலையில் பால்மரம் வெட்டுகிறவர்கள் விட்டுப்போன மஞ்சள் ரப்பர் பூட்ஸ் கிடந்தது. கறுப்பு பாலிஷ் பூசி மாட்டிக்கொண்டார். உள்ளே எந்தக் காலத்து மழைத்தண்ணீரோ, அடிக்கு அடி 'சளக் சளக்' என்றது.

"ஆபீசர் லோங்காங் சாக்கடையில நடந்து வாராரு!" என்றாள் இருளாயி. ஸ்டோர் அதிர்ந்தது.

சரி, சத்தத்தைக் கூட்டுவோம் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். தொண்டை கட்டி, கோழிக்குஞ்சுக் குரல் வந்தது. ஹுசைன் சுவரில் அடித்து அடித்துச் சிரித்தார்.

"பத்து நிமிஷம் ரெஸ்ட்!" என்றாள் நஸீரா. "தினேஸ், கேமராவை அணைச்சு வை. எப்பவும் மறந்துருவ."

காலையிலிருந்து வாயே திறக்காத தினேஸ்வரி, கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜெயபாலன் மீசையைப் பிய்த்தார், பூட்ஸைக் கழற்றினார், சங்கத்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கூட்டத்துக்கு நடுவே வந்தார். கோபம் தலைக்கேறியிருந்தது. ஆனால் தலைவராயிற்றே, முகத்தில் புன்னகை மாறவில்லை.

"யாரும் பயப்படாதீங்க. எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான். போனை எல்லாம் இந்த பிஸ்கட் டின்ல போட்டுருங்க."

போட்டார்கள்.

"சிரிக்காதவங்க இந்தப் பக்கம் வாங்க, நாற்காலி இருக்கு. சிரிச்சவங்க அங்கேயே நில்லுங்க. முதல்ல சிரிச்சது யாருன்னு பக்கத்துல நிக்கிறவங்க சொல்லிட்டா போதும். சொல்ல விருப்பம் இல்லையா? பரவால்ல லா, உங்க பேரையும் சேர்த்து எழுதிக்கிறேன்."

பேனா மூடியைத் திறந்தார். நாற்காலிகள் ஒவ்வொன்றாக நிரம்பின.

"இருளாயி அக்கா?" என்றார் கனிவாக.

இருளாயி தரையைப் பார்த்தாள். "ஹுசைன்தான்… அவருதான் முதல்ல."

"அக்கா! நீங்களா?" ஹுசைனின் பெரிய குரல் காற்றுப்போன டயர்போல் இறங்கியது. இருபது வருடமாக அவர் கடையில்தான் அவளுக்குப் பசியாறல்.

"நன்றி அக்கா, உட்காருங்க. ஹுசைன், நீங்க கொஞ்ச நேரம் வெளியே இருங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

ஹுசைன் வெளியே போனார்.

ஜெயபாலனுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் மீசையை ஒட்டினார், பூட்ஸை மாட்டினார், கையை நீட்டினார்.

"மண்டி போடுங்கடா!"

அத்தனை பேரும் பொத்தென்று மண்டியிட்டார்கள். பூட்ஸ் 'சளக்' என்றது. ஒரு பல் தெரியவில்லை.

"பார்த்தியா நஸீரா! எப்படி நடுங்குறாங்க! பூட்ஸ், மீசை, கத்தல்! நான்தான் சொன்னேனே!" ஜெயபாலன் குதித்தார். "ஆபீசர் நான்தானே?"

நஸீரா கேமரா பக்கம் திரும்பினாள். "தினேஸ், இதை எடுத்தியா?"

தினேஸ்வரி அன்று முதல்முறையாக வாய் திறந்தாள். "இது எதுக்குக்கா? ரெஸ்ட்லயும் கேமராவை அணைக்க மறந்துட்டேன். அண்ணே மீசையைக் கழட்டிட்டு, சிரிச்சுக்கிட்டே பேரு எழுதினாரே, ஆபீசர் சீன் அதுலயே முடிஞ்சிருச்சு லா."